நல்ல தண்ணீர்க் கிணற்றுக்கு ஒரு மூடி

சிலுவைமுத்து ஆசானிடம் வந்து சேர்ந்த முதல் நாளே ஒரு கேள்வியைக் கையோடு கொண்டுவந்தான்.

"ஆசானே, நார் வலுவா, பிசின் வலுவா?"

பேரன் எடுத்த ஆளை 'வந்தான், போனான்' என்று சொல்வது மரியாதை இல்லைதான். என்ன செய்ய? வயசையும் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றி விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது அந்த ஃபைபர் படகுப் பட்டறையின் பழக்கம். ஆசான் மெஹருன்னிசா அவனைவிடப் பத்து வயசுக்கு மேல் இளையவர். பெண்பிள்ளையைப் போய் ஆசான் என்று கூப்பிடுவதா என்று ஆரம்பத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். "அவங்க செஞ்ச படகுதானே நம்மளைக் கடல்லேருந்து திருப்பிக் கொண்டாந்து விடுது, கூப்பிட்டா என்ன குறைஞ்சா போயிடுவோம்" என்று அவர்களில் ஒருவரே சொன்னார். பேச்சு அத்தோடு முடிந்தது.

ஆசான் அலமாரியிலிருந்து நார்ப்பாய் கொஞ்சம் வெட்டி அவன் கையில் கொடுத்தார். கண்ணாடியை உருக்கி, மயிரிழையாக இழுத்து, பின்னிய பாய் அது.

"இதை நிமிர்த்திப் பிடிங்க அண்ணே."

பிடித்தான். ஈரத் துண்டு மாதிரி இரண்டு பக்கமும் தொங்கியது.

"ஒரு நூலை மட்டும் உருவி, அத்துப் பாருங்க."

இழுத்தான். நூல் அறவில்லை. அவன் விரல்தான் அறுபட்டது.

"அப்போ நார்தான் வலு" என்றான், விரலைச் சப்பிக்கொண்டே.

"நிமிர்ந்து நிக்கலையே."

அடுத்து ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினார். முந்தின நாள் மிஞ்சிய பிசின் உள்ளே இறுகி, மஞ்சள் வட்டாக விழுந்தது. கல் மாதிரி இருந்தது.

"இதைத் தரையில போடுங்க."

போட்டான். சில்லுச் சில்லாகத் தெறித்தது.

"சரி, புரிஞ்சுபோச்சு. தனித்தனியா ரெண்டும் ஒண்ணுக்கும் ஆவாது. ரெண்டும் சேர்ந்தா வலு."

"அப்படித்தான் புத்தகத்துல போட்டிருக்கு."

"அப்போ அது தப்பா?"

"தப்பில்லை. கேள்வியைப் பத்திரமா வச்சுக்கங்க. இப்போ அந்த விளக்குமாறை எடுங்க. நீங்க உடைச்சதை நீங்கதான் கூட்டணும்."

சிலுவைமுத்து கூட்டினான். முப்பது வருசம் படகுத்துறையில் இரும்பு ஒட்டிய கை அது. சிலுவைமுத்து வைத்த வெல்டிங் எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்க முடியாது என்று துறை முழுக்கப் பேர். அப்படிப்பட்டவன் விளக்குமாறு பிடித்ததற்குக் காரணம் ஒரு கிணறு.

கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது அவனுடைய ஊர், பூவரசன்துறை. சுற்றிலும் உப்பு. நடுவில், கடவுள் மறந்து விட்டுவிட்டுப் போனது போல, ஒரே ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. ஊருக்குக் குடிக்க, சமைக்க, பிள்ளைக்குப் பால் கரைக்க எல்லாம் அதுதான். முன்பெல்லாம் புயல் வந்தால் கடல் மணல்மேட்டோடு நின்றுவிடும். இப்போது அப்படி இல்லை. ஒவ்வொரு புயலுக்கும் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக ஏறி, மேட்டைத் தாண்டி வந்து, கிணற்றுக்குள் இறங்கிவிடுகிறது. ஒரு தடவை உப்பு இறங்கினால் அடுத்த மழைக்காலம் வரை வாயில் வைக்க முடியாது. பெண்கள் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்க வேண்டியதுதான்.

கிணற்றுக்கு முதலில் இரும்பு மூடி போட்டார்கள். போட்டவன் சிலுவைமுத்துதான். உப்புக்காற்று அதைப் பொரிபொரியாகத் தின்று தீர்த்தது. பிறகு காங்கிரீட் மூடி. உள்ளே இருந்த கம்பி துருவேறி வீங்க, மூடி தானாகவே வெடித்தது. போன புயலில் கடல் உள்ளே இறங்கியபோது, உடைந்த மூடியைப் பார்த்துக்கொண்டு நின்ற சிலுவைமுத்துவுக்கு அழுகை வந்துவிட்டது. துருவே பிடிக்காத ஒன்று இருக்கிறது, கழிக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மா அதில் படகு செய்கிறாள், புயலுக்குத் தாங்குகிற கதவு, கூரையெல்லாம்கூடச் செய்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். வெல்டிங் மிஷினை மருமகனிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பி வந்துவிட்டான்.

வந்தவன் வேலை கற்றுக்கொண்டதைவிடக் கேள்வி கேட்டதுதான் அதிகம்.

"ஆசானே, பிசின் இறுகறதுக்குத்தானே ஹார்டனர் ஊத்துறோம். வெயில் நேரத்துல ஏன் குறைக்கணும்?"

"குறைக்காம ஊத்திப் பாருங்க."

ஊற்றினான். குவளை சூடேறிப் புகைய ஆரம்பித்தது. அவன் பிரஷ்ஷை எடுப்பதற்குள் பிசின் கல்லாகி, பிரஷ் நடுவில் நட்டுக்கொண்டு நின்றது. ஆசான் அந்தக் குவளையை அப்படியே எடுத்து, எல்லோர் கண்ணிலும் படும்படி அலமாரியில் வைத்தார்.

இன்னொரு நாள் கறுப்பாக ஒரு நூல் கண்டைப் பிரித்தார்.

"இது என்னது, கரி பூசுன மாதிரி?"

"கல்லு."

"கல்லுல நூலா?"

"எரிமலைக் கல்லை உருக்கி இழுத்தது. உப்பு இதை ஒண்ணும் செய்யாது. எதாவது வந்து இடிக்கிற இடத்துல இதைப் போடுவோம்."

சிலுவைமுத்து அதை விரலில் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "கல்லைப் பாத்து, இதுல நூல் இருக்குன்னு எவனுக்கு ஆசானே முதல்ல தோணியிருக்கும்?"

"உங்களை மாதிரி யாரையோ நச்சரிச்சுக்கிட்டே இருந்த ஒருத்தருக்குத்தான்."

அந்தப் பட்டறையில் வேறெங்கும் இல்லாத ஒரு முறை இருந்தது. கதவுநிலையில் ஒரு கனத்த பித்தளைக் காசு நூலில் கட்டித் தொங்கும். ஒரு சாமான் வெளியே போகும் முன்னால், அதைச் செய்தவர் அந்தக் காசை எடுத்துக்கொண்டு தனியாக உள்ளே போக வேண்டும். மற்ற எல்லோரும், ஆசானும் சேர்ந்து, வெளியே வந்துவிடுவார்கள். உள்ளே போனவர் சாமான் முழுக்கக் காசால் தட்டிக் கேட்பார். அடுக்குகள் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருந்தால் 'கிண்' என்று கேட்கும். நடுவே இடைவெளி இருந்தால் 'பொத்' என்று கேட்கும். கேட்டுவிட்டு வெளியே வந்து ஒரே வார்த்தை சொல்ல வேண்டும். 'போகும்' அல்லது 'போகாது'. அதற்குப் பிறகு யாரும் போய்ச் சரிபார்ப்பது கிடையாது.

"செஞ்சவன் பொய் சொன்னா?" என்று சிலுவைமுத்து கேட்டான்.

"சொல்லட்டும்" என்றார் ஆசான்.

மழைக்காலம் நெருங்கும்போது கிணற்று மூடியைச் செய்யும் வேலையை ஆசான் அவனிடமே விட்டார். மரத்தில் கவிழ்த்த சட்டி போல ஓர் அச்சு செய்து, அதன்மேல் பாயை விரிப்பதும், பிசின் தடவுவதும், ரோலரை உருட்டிக் காற்றை வெளியேற்றுவதுமாக அடுக்கடுக்காக ஏற்றினான். நல்லபடியாகவே செய்தான். கடைசி அடுக்கு இறுகியதும் அவனுக்குள் இருந்த இரும்புக்காரன் விழித்துக்கொண்டான். சொரசொரப்பாக ஒரு சாமானை விட அவனுக்கு மனசு வரவில்லை. நைசாகத் தேய்த்தான். மெழுகு போட்டுத் தேய்த்தான். பஞ்சுச் சக்கரம் வைத்துத் தேய்த்தான். மூடி ஜொலித்தது.

ஊரிலிருந்து பார்க்க வந்தார்கள். முன்னால் வந்தது அவன் அண்ணன் மனைவி ராக்கினி. கிணற்றுக்கு முறை வைத்துக் காவல் பார்ப்பது, பிளாஸ்டிக் வாளி கொண்டு வருகிறவர்களைத் திட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு. வந்ததும் மூடிமேல் கை வைத்தாள்.

"தொடாதீங்க மதினி, ரேகை பதியும்."

"கிணத்துக்கு மூடி செய்யச் சொன்னா பீரோக் கண்ணாடி செஞ்சு வச்சிருக்கீரே கொழுந்தனாரே" என்ற ராக்கினி, குனிந்து அதில் பார்த்து, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள். வந்தவர்கள் சிரித்தார்கள். சிலுவைமுத்துவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் காலையில் வானிலைச் செய்தி மாறியது. வேறு பக்கம் போகும் என்று சொல்லிக்கொண்டிருந்த புயல் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. இரண்டு நாளில் கரையேறும். எதிர்பார்த்ததைவிடத் தண்ணீர் அதிகம் ஏறும்.

"வெறும் தண்ணியா வராதுண்ணே, கட்டையைக் கல்லை எல்லாம் உருட்டிக்கிட்டு வரும்" என்றார் ஆசான். "மேல இன்னும் ரெண்டு அடுக்கு ஏத்துங்க. ஒண்ணு கறுப்பு நூல். உப்புத்தாள் பிடிச்சுட்டு ஏத்துங்க."

சொல்லிவிட்டு, மூடிக்குக் கீழே வைக்க ரப்பர் வளையம் வாங்க அவர் டவுனுக்குக் கிளம்பினார்.

சிலுவைமுத்து முரட்டு உப்புத்தாளை எடுத்துக்கொண்டு மூடி முன்னால் போய் நின்றான். மூடியிலிருந்து அவனே அவனைப் பார்த்தான். தாளை வைத்து ஒரு இழு இழுத்தால் போதும், அத்தனையும் போய்விடும். எத்தனை நாள் வேலை. கை போகவில்லை. எதற்குக் கீற வேண்டும் என்று யோசித்தான். கீழே இருப்பதும் அதே பிசின், மேலே வருவதும் அதே பிசின். அண்ணன் தோளில் தம்பி ஏறி உட்கார அண்ணனைப் பிராண்டியா வைக்க வேண்டும்? அழுக்குத்தானே ஒட்டாது, அழுக்கைப் போக்கினால் ஆயிற்று. தின்னரில் துணியை நனைத்து அங்குலம் அங்குலமாகத் துடைத்தான். அதன்மேல் இரண்டு அடுக்கையும் ஏற்றினான். பாய் நன்றாகப் படிந்தது. ஒரு காற்றுக் குமிழி இல்லை. வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினான்.

விடிந்ததும் ராக்கினி டிராக்டரோடு வந்துவிட்டாள். கூட ஊர்க்காரர்கள் சிலர், கயிறு, வைக்கோல். அடுத்த நாள் விடியுமுன் கடல் ஏறும் என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது.

சிலுவைமுத்து காசை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். கதவைச் சாத்தினார்கள்.

ஓரத்தில் தட்டினான். கிண். கொஞ்சம் மேலே. கிண். இன்னும் மேலே.

பொத்.

காசைச் சரியாகப் பிடிக்கவில்லை போல என்று மாற்றிப் பிடித்தான். பொத். ஒரு சாண் தள்ளித் தட்டினான். பொத். உச்சியில் எங்கே தட்டினாலும் உள்ளே யாரோ தலையணையை வைத்த மாதிரியே கேட்டது.

வெளியே டிராக்டரில் வைக்கோல் பரப்பும் ஓசை வந்தது. ராக்கினி யாரிடமோ, "நல்லா மெத்தையாப் போடு, கீறல் பட்டா அந்த மனுசன் உசுரை விட்டுருவாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பார்த்தால் தெரியாது. மேலே எல்லாம் ஒழுங்காக இருந்தது. சத்தம் கேட்டது அவன் ஒருவனுக்குத்தான். 'போகும்' என்று சொன்னால் போய்விடும். போகாது என்றால் கிணறு திறந்து கிடக்கும். சிலுவைமுத்து உச்சியில் கடைசியாக ஒரு தடவை தட்டிப் பார்த்தான். பிறகு கதவைத் திறந்து வெளியே வந்தான்.

"ஆசானே" என்றான், குரலைத் தாழ்த்தி. "உச்சியில மட்டும் சத்தம் கொஞ்சம் மந்தமா இருக்கற மாதிரி."

"மாதிரியா?"

"மந்தமாத்தான் இருக்கு. நீங்க ஒரு தடவை தட்டிப் பாத்தீங்கன்னா தேவலை."

"நான் தட்டினா அது நான் செஞ்ச மூடி ஆயிடும்ணே."

"கீழ இருக்கற பழைய அடுக்கெல்லாம் கெட்டியா இருக்கு. இப்படியே கொண்டு போனாலும் தாங்கும்ல?"

"தாங்கலாம்."

"தாங்கலாம்னா?"

"கட்டை வந்து இடிக்காம இருந்தா தாங்கலாம்."

சிலுவைமுத்து டிராக்டர் பக்கம் திரும்பினான். ராக்கினி கயிற்றைக் கையில் சுற்றி வைத்துக்கொண்டு தயாராக நின்றாள்.

"போவாது" என்றான்.

"என்னது போவாது?"

"மூடி போவாது மதினி. மேல் அடுக்கு ஒட்டல. உப்புத்தாள் பிடிக்கச் சொன்னாவ. நான் பிடிக்கல. பளபளப்பு போயிருமேன்னு விட்டுட்டேன்."

ராக்கினிக்கு முகம் சிவந்துவிட்டது. "நாளைக்கு விடியுமுன்ன கடல் ஏறும்ங்கான். இப்ப வந்து ஒட்டலங்கீரு. போன தடவை லாரிக்குப் பின்னால குடத்தைத் தூக்கிட்டு ஓடுனவ நான். உம்ம பொஞ்சாதியும்தான் ஓடுனா. பளபளப்பாம்ல, பளபளப்பு. தாகத்துக்கு அதையா நக்குறது?"

சிலுவைமுத்துவுக்கு வெட்கத்தில் காது சுட்டது. துறையில் இத்தனை வருசத்தில் இவ்வளவு பேர் முன்னால் இப்படி நின்றதில்லை.

ஆசான் வானத்தைப் பார்த்தார். "மதியம் வரைக்கும் வெயில் நிக்கும்" என்றார். "உப்புத்தாள் உள்ள நிறைய இருக்கு."

அவ்வளவுதான் சொன்னார்.

சிலுவைமுத்து உளியை எடுத்து மேல் அடுக்கின் ஓரத்தில் நுழைத்து நெம்பினான். படபடவென்று ஓசை வந்தது. கொஞ்சமாவது பிடித்துக்கொண்டிருக்கும், போராட வேண்டியிருக்கும் என்றுதான் நினைத்திருந்தான். பிடித்தது ஓரம் மட்டும்தான். மற்றதெல்லாம் கையோடு வந்தது. புத்தம் புதிய அடுக்கு, கறுப்பு நூலும் கண்ணாடி நாருமாக, முழுசாகக் கழன்று விழுந்தது. அவ்வளவு சுலபமாக வந்ததுதான் அவனுக்கு வலித்தது.

அதைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, வாயில் ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு, உப்புத்தாளைக் கையில் எடுத்தான். கண்ணை மூடிக்கொண்டு முதல் இழுப்பு இழுத்தான். வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது.

பக்கத்தில் இன்னொரு கோடு விழுந்தது. பார்த்தால் ராக்கினி. முந்தானையால் வாயை மூடிக் கட்டிக்கொண்டு, ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, டிராக்டர்க்காரரையும் சேர்த்து எல்லோரையும் உள்ளே இழுத்து வந்திருந்தாள்.

"தொட்டா ரேகை பதியும்னீரே" என்றாள், தேய்த்துக்கொண்டே. "இப்ப நல்லாப் பதியுதா?"

"பதியுது மதினி."

"இந்தா, இந்த இடத்துல இன்னும் மினுக்குது பாரும். விடக்கூடாது."

ஒருத்தர் நெடுக்கத் தேய்த்தார், ஒருத்தர் குறுக்கத் தேய்த்தார். ராக்கினி பாத்திரம் விளக்குவது போல வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். கண்ணாடித் தூசி பட்டு எல்லோருக்கும் கை அரித்தது. ஜொலித்த மூடி நரைத்துப் போய், பார்க்கச் சகிக்காமல் ஆனது. தேய்க்கத் தேய்க்க, சிலுவைமுத்துவுக்கு வெட்கம் குறைந்து, பழையபடி கேள்வி முளைத்தது. அந்த மனுசனை என்ன செய்வது.

"ஆசானே, எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. அதே நார், அதே பிசின், அதே கை. கீழ ஒட்டிச்சு, மேல ஏன் ஒட்டல?"

"கிணத்தை மூடிட்டு வாங்க."

"கீறலுக்குள்ள பிசின் இறங்கிப் பிடிச்சுக்கிடும், அதானா?"

"புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு. மூடிட்டு வாங்கண்ணே."

பாயை மறுபடி வெட்டினார்கள். பிசினைக் கலக்கும் நேரத்தில் சிலுவைமுத்து ஹார்டனர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். நேரம் இல்லை, கூட ஊற்றினால் சீக்கிரம் இறுகும். நிமிர்ந்து பார்த்தான். அலமாரியில் குவளைக்குள் பிரஷ் நட்டுக்கொண்டு நின்றது. வெளியே போய் வெயில் எவ்வளவு இருக்கிறது என்று உள்ளங்கையில் வாங்கிப் பார்த்துவிட்டு வந்து, அதற்குத் தக்கபடி ஊற்றினான். ஆசான் அதைப் பார்த்தார், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்.

பொழுது சாயும் முன்னால் எல்லோரும் மறுபடி வெளியே வந்தார்கள். உள்ளேயிருந்து காசு தட்டும் ஓசை வந்துகொண்டே இருந்தது. ராக்கினி கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். நேரம் ஆக ஆக, அவளுக்கே எது கிண், எது பொத் என்று தெரிந்துவிட்டது. உள்ளே பொத் என்று ஒன்றுகூடக் கேட்கவில்லை.

சிலுவைமுத்து கதவைத் திறந்தான்.

"போவும்" என்றான்.

மூடியை ஏற்றிக்கொண்டு போய், கிணற்று விளிம்பில் ரப்பர் வளையத்தை வைத்து, மேலே மூடியை இறக்கி, சுற்றிலும் போல்ட்டை முறுக்கினார்கள். காற்று கிளம்பிவிட்டது. வேலை முடிந்ததும் ஊரோடு புயல் பாதுகாப்புக் கூடத்துக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் காற்று அடங்கிய பிறகு திரும்பி வந்தபோது ஊர் அடையாளம் தெரியவில்லை. கடல் வந்து போன தடம் எங்கும் கிடந்தது. தெருவில் முழங்கால் உயரத்துக்கு மணல். எவருடைய வீட்டுக் கட்டிலோ மரத்தடியில் கிடந்தது. சிலுவைமுத்து வீட்டுப் பக்கம் போகவில்லை, நேரே கிணற்றுக்கு ஓடினான்.

கிணற்றின்மேல் ஒரு பனைமரத் துண்டு குறுக்கே கிடந்தது. நாலு பேராகப் பிடித்துப் புரட்டினார்கள். அது இடித்த இடத்தில் மூடி ஒரு கையகலத்துக்குப் பிய்ந்து, உள்ளே கறுப்பு நூல் தெரிந்தது. சிலுவைமுத்து மண்டியிட்டு, அந்தக் காயத்தின் விளிம்பில் நகத்தை நுழைக்கப் பார்த்தான். நுழையவில்லை. அடுக்கு எங்கேயும் எழும்பவில்லை.

போல்ட்டைக் கழற்றினார்கள். ராக்கினி வாளியை இறக்கினாள். கிணற்றடி முழுக்க ஆள், ஆனால் கயிறு உரசும் ஓசை மட்டும்தான் கேட்டது. வாளியைத் தூக்கி, ஒரு கை அள்ளி வாயில் விட்டாள். முழுங்கினாள். இன்னொரு கை அள்ளிக் குடித்தாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்க, அவள் வாளியை எடுத்துக்கொண்டு சிலுவைமுத்துவிடம் போனாள்.

"கையை நீட்டும்."

நீட்டினான். ஊற்றினாள். குடித்தான். உப்பு இல்லை. எப்போதும் போல இருந்தது, நேற்றைக்கு இருந்த அதே தண்ணீர். மறுபடி கையை நீட்டினான்.

"நேத்து கொஞ்சம் கூடத்தான் பேசிட்டேன்" என்றாள் ராக்கினி.

"இல்ல மதினி. சரியாத்தான் பேசினீங்க."

பாதை கொஞ்சம் சரியானதும், ஒரு கேன் நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டு சிலுவைமுத்து பட்டறைக்குப் போனான். ஆசான் கூரைமேல் விழுந்த கிளைகளை இழுத்துப் போட்டுவிட்டு, வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். அவன் ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டினான். அவர் வாங்கிக்கொண்டார்.

"மூடியாச்சு, திறந்தும் பாத்தாச்சு" என்றான். "இப்ப சொல்லுங்க ஆசானே. அதே நார், அதே பிசின், அதே கை. ஏன் ஒட்டல?"

ஆசான் டம்ளரோடு எழுந்து சுவரோரம் போனார். அன்றைக்கு உரித்துச் சாய்த்த அடுக்கு அங்கேயே இருந்தது. அதன் உட்புறத்தை, பளபளப்பின்மேல் படிந்திருந்த பக்கத்தை, அவன் பக்கம் திருப்பி நிறுத்தினார்.

"இதுல என்ன தெரியுது?"

குனிந்து பார்த்தான்.

"என் மூஞ்சி."

"நல்லாத் தெரியுதா?"

"நல்லாவே தெரியுது."

"நீங்க எல்லாரும் சேர்ந்து தேய்ச்சீங்களே, அதுக்கப்புறம் மூடியில என்ன தெரிஞ்சுது?"

சிலுவைமுத்து யோசித்துப் பார்த்தான். நெடுக்க, குறுக்க, வட்டமாக, யார் யாரோ போட்ட கோடுகள் நினைவுக்கு வந்தன.

"அதுல என் மூஞ்சி தெரியல ஆசானே. எல்லாரும் போட்ட கோடுதான் தெரிஞ்சுது."

ஆசான் டம்ளரில் இருந்த தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"அந்தக் கோடுங்க காப்பாத்திக் கொடுத்த தண்ணிதான் இப்போ குடிச்சது" என்று டம்ளரை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்கண்ணே."